கோவை மில்களை மூடியது சங்கமா?

கோவையில் பழைய மில் ஒன்றை இடித்து அபார்ட்மென்ட் கட்ட ஆரம்பித்தால் போதும், "எல்லாம் கொடி பிடிச்சவன் பண்ணுன வேலை" என்று தொழிற்சங்கத்தின் மேல் பழி சொல்ல ஒரு கூட்டம் தயாராக இருக்கிறது. இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

1888ல் ஸ்டேன்ஸ் மில்லில் ஆரம்பித்த கதை இது. கரிசல் மண்ணும் கம்போடியா பருத்தியும் இருந்தும் முதல் நாற்பது வருஷம் மெதுவாகத்தான் நகர்ந்தது. 1930களில் நீலகிரியிலிருந்து பைகாரா நீர்மின் நிலையத்து கரண்ட் வந்த பிறகுதான் பீளமேடு, சிங்காநல்லூர் என்று வரிசையாக மில்கள் முளைத்தன. பருத்தியில் சம்பாதித்த உள்ளூர்க் குடும்பங்கள் துணிந்து பணத்தைப் போட்டார்கள், அந்த மெஷின்களை ரிப்பேர் பார்க்கப் போய்த்தான் பட்டறை, பவுண்டரி, மோட்டார் என்று ஊரே வளர்ந்தது. முதலாளிகளுக்கு அந்தப் பெருமையைக் கொடுத்தாக வேண்டும்.

ஆனால் ஒரு கொலை வழக்கில் 1946 ஜனவரி 8 அன்று தூக்கில் போடப்பட்ட, சங்கத்துக்காரர்களான சின்னியம்பாளையம் நால்வரும் இதே ஊர் ரங்கவிலாஸ் மில் தொழிலாளிகள்தான். சங்கம் அப்படி ரத்தம் சிந்தி வளர்ந்த அந்தக் காலத்தில்தான் மில்களும் கொழித்தன! போனஸ், பி.எஃப். என்று கிடைத்ததை வைத்து எங்கள் பெரியப்பா போன்றவர்கள் வீடு கட்டினார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள்.

அப்புறம் எது கெடுத்தது? லாபம் வந்தபோது பழைய மெஷினை மாற்றாமல் பணத்தை வேறு தொழிலில் போட்டவர்கள் உண்டு. பஞ்சு குஜராத்திலிருந்தும் மகாராஷ்டிராவிலிருந்தும் வர வேண்டியதாயிற்று. 2008க்குப் பிறகு மின்வெட்டு வேறு. எல்லாவற்றுக்கும் மேலே, நூல் நூற்று வரும் காசைவிட மில் நிற்கும் இடத்தை விற்றால் வரும் காசு பெரிசாகிவிட்டது.

இன்னொன்று, தொழில் ஒன்றும் செத்துப்போகவில்லை. நாட்டில் நூல் நூற்கும் கதிர்களில் (ஸ்பிண்டில்) கிட்டத்தட்ட பாதி இன்னமும் தமிழ்நாட்டில்தான் சுற்றுகிறது. திண்டுக்கல், வேடசந்தூர் பக்கம் போய்ப் பாருங்கள், நிரந்தரத் தொழிலாளி நின்ற இடத்தில் ஹாஸ்டலில் தங்க வைத்த இளம் பெண்களும் வடமாநிலப் பையன்களும் நிற்கிறார்கள். மூன்று வருஷம் வேலை செய்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி ஏழைப் பெண்களை 'அப்ரண்டிஸ்' பெயரில் வைத்து வேலை வாங்கிய சுமங்கலித் திட்டத்தை மறந்துவிட்டோமா?

என்டிசி (தேசிய ஜவுளிக் கழகம்) மில்களையே எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் சொந்த மில்கள். 2020 மார்ச்சில் ஊரடங்குக்காக நிறுத்தினார்கள், ஊரடங்கு முடிந்த பிறகும் பழையபடி ஓட்டவில்லை. அவை நின்றது ஸ்ட்ரைக்கால் அல்ல.