செங்கல் யாருடையது?

ஆப்பிரிக்காவில் இருக்கும் மலாவிக்கு வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. போன பிப்ரவரியில் டெட்சா மாவட்டத்தில் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளிக்குப் போயிருந்தேன். லண்டனில் இருக்கும் நண்பர்கள் சிலர் பணம் திரட்டி, அங்கே இரண்டு வகுப்பறைகளுக்குக் கூரை போட உதவியிருந்தார்கள். தலைநகர் லிலோங்வேயில் இருப்பவன் நான்தான் என்பதால், ஒரு நடை போய்ப் பார்த்துப் படம் எடுத்து அனுப்பு என்றார்கள். அனுப்பினேன். எல்லோருக்கும் சந்தோஷம். அப்புறம் பணம் திரட்டிய நம் நண்பர்கள் குழுவில் ஒரு கேள்வி வந்தது: சுவரில் கல்வெட்டு வைக்கிறோமே, அதில் யார் யார் பெயரைப் போடுவது? அன்றிலிருந்து எனக்கு இதே நினைப்புதான்.

பள்ளியைச் சுற்றிக் காட்டியவர் பெற்றோர் குழுத் தலைவர், அறுபதைத் தாண்டிய மனிதர். புதுத் தகரத்தைக் காட்டுவார் என்று நினைத்தேன். அவர் சுவரைக் கையால் தட்டிக் காட்டினார். கறையான் புற்று மண்ணை வெட்டி எடுத்து, பெண்கள் தலையில் சுமந்து வந்த தண்ணீரில் குழைத்து, மர அச்சில் அறுத்து, காயவைத்து, சூளை அடுக்கிச் சுட்ட செங்கல். வீட்டுக்கு இத்தனை என்று பங்கு பிரித்துச் செய்திருக்கிறார்கள். மணலும் ஊரார் கொண்டுவந்ததுதான். மலாவிக் கிராமங்களில் பல இடங்களில் இதுதான் முறை: செங்கல், மணல், உடலுழைப்பு ஊருடையது, காசு போட்டு வாங்க வேண்டிய சிமெண்டும் தகரமும் ஆணியும் வெளியிலிருந்து வருவது. ஜன்னலுக்குக் கீழே ஒரு செங்கல்லில் ஆட்டுக்குட்டியின் குளம்பு அப்படியே பதிந்திருந்தது, ஈரமாகக் காய்ந்துகொண்டிருந்தபோது மிதித்திருக்க வேண்டும். தலைவர் அதில் விரலை வைத்து, அது எங்கள் வீட்டு முற்றத்தில் காயவைத்தது என்றார்.

அந்தச் சுவரில்தான் நாம் நம் பெயரைப் பதிக்கப் போகிறோம்.

சமையல் கொட்டகைக்குப் போனேன். மக்காச்சோள மாவும் சோயா மாவும் சேர்த்துக் காய்ச்சும் கஞ்சி, அதற்கு லிக்குனி பாலா என்று பெயர். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மேரிஸ் மீல்ஸ் என்ற தொண்டு நிறுவனம் 2002இல் இதே நாட்டில்தான் 200 குழந்தைகளோடு தொடங்கியது, இன்று பல நாடுகளில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குச் சாப்பாடு போடுகிறது. நான் போன பள்ளியிலும் மாவு வெளிநாட்டு நன்கொடையில்தான் வருகிறது. ஆனால் அதைக் காய்ச்சுவது ஊர்த் தாய்மார்கள், முறை வைத்து, சம்பளம் இல்லாமல். விடிவதற்கு முன்பே வந்து விறகடுப்பு மூட்டி, ஆள் உயரத் துடுப்பால் கிண்டிக்கொண்டே இருக்கிறார்கள். பிப்ரவரி என்றால் இங்கே பஞ்ச காலம், சிச்சேவா மொழியில் ஞ்ஜாலா. போன வருடத்து மக்காச்சோளம் தீர்ந்திருக்கும், வயலில் நிற்பது ஏப்ரல் வாக்கில்தான் கைக்கு வரும். காலையில் சாப்பிட்டீர்களா என்று ஒரு அம்மாவிடம் ஆசிரியர் மூலமாகக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டுப் பானையில் ஒட்டியிருந்ததை வழிக்க ஆரம்பித்துவிட்டார்.

நான் சத்துணவு சாப்பிட்டு வளர்ந்தவன். 1982இல் அந்தத் திட்டம் வந்தபோது அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று ஆள் போட்டு, எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஒரு சம்பளம் என்று வைத்தார்கள். இங்கே ஒரு நாள் முழுக்கத் தன் வயல் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கும் பெண்ணை எந்தக் கணக்கில் எழுதுவது? நன்கொடையாளர் பட்டியலில் முதலில் வர வேண்டியது அவர் பெயர் என்றே நினைக்கிறேன்.

1994இல் மலாவி தொடக்கக் கல்வியை இலவசமாக்கியது. சுமார் 19 லட்சமாக இருந்த மாணவர் எண்ணிக்கை ஒரே வீச்சில் 30 லட்சத்தை நெருங்கிவிட்டது. அந்த நெரிசல் இன்னும் தீரவில்லை. நான் எட்டிப் பார்த்த ஒன்றாம் வகுப்பில் நூறு பேருக்கு மேல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரே ஆசிரியை. பத்து நிமிடத்தில் மழை பிடித்துக்கொண்டது. நாம் போட்டுக் கொடுத்த தகரத்தின் மேல் அது கொட்டிய சத்தத்தில் அவர் குரல் யாருக்கும் கேட்கவில்லை, சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டார். மழை விடும் வரை குழந்தைகள் கையைக் கட்டிக்கொண்டு அப்படியே இருந்தார்கள். அந்த ஆசிரியைக்குப் பள்ளிக்கு அருகில் வீடு கிடையாது, தினமும் அந்தச் சேற்றுப் பாதையில் நடந்து வருகிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் போன அன்று என்னை வரவேற்கப் பாட்டும் ஆட்டமும் வைத்திருந்தார்கள், ஒன்றரை மணி நேரம் பாடம் நடக்கவில்லை. அன்போடு செய்தார்கள், மறுக்க மனம் வரவில்லை, ஆனாலும் ஒவ்வொரு விருந்தாளிக்கும் இப்படி என்றால் ஒரு வருடத்தில் எத்தனை வகுப்பு போகும்? இனி போகிறவர்கள் பள்ளி விட்ட பிறகு போங்கள். குழந்தைகளின் முகத்துக்கு நேரே போனை நீட்டாதீர்கள்.

கல்வெட்டு விஷயத்தில் என் கருத்து இதுதான். வைப்பதானால் ஊரின் பெயர் மேலே, நம் பெயர் கீழே. இல்லையென்றால் கல்வெட்டே வேண்டாம், அந்தக் காசுக்கு இன்னும் இரண்டு மூட்டை சிமெண்ட் வரும். புதிதாக ஒரு கட்டடம் கட்டித் திறப்பு விழா நடத்துவதில் இருக்கும் ஆர்வம், ஆசிரியருக்கு ஒரு வீடு, சமைக்கும் அம்மாக்களுக்குக் கூலி, அடிபம்பின் தேய்ந்துபோன வாஷர் என்றால் நமக்கு வருவதில்லை. அந்தப் பள்ளி நடப்பதே இவற்றால்தான். நம் பணம் வேண்டாதது என்று நான் சொல்லவில்லை, அந்தத் தகரத்தை ஊரால் வாங்கியிருக்க முடியாது. ஆனால் நாம் கொடுத்தது ஒரு பங்கு மட்டும். எல்லாவற்றையும் நாமே கொடுத்த மாதிரிப் பேசுவது அந்த மனிதர்களுக்குச் செய்கிற அவமரியாதை.

அடுத்ததாக ஆசிரியர் வீடு ஒன்று கட்ட ஊரில் பேசி முடித்திருக்கிறார்கள். அறுவடை முடிந்ததும் ஜூனில் செங்கல் அறுக்கத் தொடங்குகிறார்களாம். நவம்பரில் மழை வந்துவிடும், அதற்குள் கூரை ஏற வேண்டும். ஆகஸ்டுக்குள் சிமெண்ட் வருமா என்று தலைவர் என்னிடம் கேட்டார். குழுவில் இருக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு ஒரு பதில் சொல்லுங்கள், நான் அவருக்குப் போன் பண்ண வேண்டும்.