கட்டிடத்துக்கு காசு இருக்கு, ஆளுக்கு இல்லையா?

ஜெயிலுக்கு ஒதுக்குற பணம் கட்டிடம், கேமரான்னு போகுது, காலிப் பணியிடம் மட்டும் அப்படியே கெடக்குதுன்னு எழுதிருக்கீங்க, நூத்துக்கு நூறு உண்மை சார். நான் வியாசர்பாடி. எங்க தெரு பையன் ஒருத்தன் திருட்டு கேஸ்ல ரிமாண்ட்ல இருந்தான், எந்த ஜெயிலுன்னு வேணாம், ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவங்கம்மா மீன் வியாபாரத்த வுட்டுட்டு காலைலயே கோர்ட் வாசல்ல போய் உக்காந்துக்கும், சாயங்காலம் வரைக்கும் புள்ளய கூட்டினு வரமாட்டாங்க, இன்னான்னு கேட்டா எஸ்கார்ட்டுக்கு போலீஸ் இல்லம்மா, அடுத்த தேதி. அப்புறம் ஜாமீன் கெடச்சும் ஷூரிட்டிக்கு, அதான் பொறுப்பேத்து கையெழுத்து போட, ஆள் இல்லாம உள்ளயே கெடந்தான்.

2022 கடைசில நாடு பூரா ஜெயில்ல இருந்தவங்கள்ல நாலுல மூணு பேரு இவன மாதிரி விசாரணைக் கைதிங்கதான், தண்டனை வாங்கினவங்க இல்ல. முதல் தடவ கேஸ்ல மாட்டினவன் அதிகபட்ச தண்டனைல மூணுல ஒரு பங்கு உள்ள இருந்துட்டா (ஆயுள், தூக்கு கேஸ் தவிர) ஜாமீனுக்கு ஜெயில் சூப்பிரண்டே கோர்ட்டுக்கு எழுதணும்னு புது குற்றவியல் நடைமுறை சட்டம் (BNSS) 479வது பிரிவுல இருக்கு. ஷூரிட்டிக்கு வழி இல்லாத ஏழைக்கு 40,000 ரூபா வரைக்கும் குடுக்க 2023லயே திட்டம் வந்துச்சு. எல்லாம் சரி, யாரு உக்காந்து நாள் கணக்கு பாத்து பேப்பர் ரெடி பண்றது?

மத்திய அரசு 2016ல போட்ட மாடல் சிறை விதில 6 கைதிக்கு ஒரு சிறைக் காவலர்னு இருக்கு. வார்டருங்களும் பாவம், லீவு இல்லாம டபுள் டியூட்டி பாத்தா யார்கிட்ட பொறுமையா பேசுவாங்க? சிறை மாநில அரசு கைலதான சார் இருக்கு, மொதல்ல இந்த ஆளுங்கள எடுங்க, சுவரு அப்புறம் கட்டலாம்.