ஐந்தாண்டு ஒப்பந்தம், ஓராண்டு வேலை

ஆக, அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் ஆடும் நம் ஃபீனிக்ஸ் சன்ஸ் அணியில், பயிற்சியாளர் பியூடன்ஹோல்சரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சீசனின் கடைசி ஆட்டம் முடிந்த மறுநாளே அறிவிப்பு வந்துவிட்டது. 2023இல் மான்ட்டி வில்லியம்ஸ், 2024இல் ஃபிராங்க் வோகல், 2025இல் இவர் என்று ஃபீனிக்ஸ் சன்ஸ் மூன்று ஆண்டுகளில் மூன்று பயிற்சியாளர்களை நீக்கியிருக்கிறது. பின்னவர்கள் இருவருக்கும் கொடுத்தது ஐந்தாண்டு ஒப்பந்தம்; இருக்கவிட்டது ஆளுக்கு ஒரே சீசன். வோகல் லேக்கர்ஸுக்குக் கோப்பை வாங்கித் தந்தவர். பியூடன்ஹோல்சர் மில்வாக்கிக்கு வாங்கித் தந்தவர், அதுவும் 2021 இறுதிச்சுற்றில் நம்மையே தோற்கடித்து. இப்படிப்பட்டவர்கள் ஃபீனிக்ஸ் மண்ணை மிதித்ததுமே தொழிலை மறந்துவிட்டார்கள் என்று நாம் நம்ப வேண்டுமாம்.

இரண்டு ஆண்டுகளாகச் சொல்லி வருவதையே மறுபடியும் சொல்கிறேன்: இந்த அணியைக் கெடுத்தது அவசரம். 2023 பிப்ரவரியில் மேட் இஷ்பியா உரிமையாளராகப் பொறுப்பேற்ற அதே வாரத்தில், மிகல் பிரிட்ஜஸ், கேம் ஜான்சன், போதாக்குறைக்கு நான்கு முதல் சுற்று டிராஃப்ட் தேர்வுகள் (புதிய இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமைகள்) என்று கையிலிருந்ததையெல்லாம் புரூக்ளின் அணிக்குக் கொடுத்துக் கெவின் டுரான்ட்டை வாங்கினோம். சில மாதங்களில் பிராட்லி பீல் வந்தார், தம் சம்மதம் இல்லாமல் தம்மை வேறு அணிக்கு மாற்ற முடியாது என்ற உட்பிரிவோடு. விளைவு, 2024-25 சீசனில் லீகிலேயே அதிகச் சம்பளம் கொடுத்த அணி நாம்தான்; 36 வெற்றி, 46 தோல்வி, மேற்குப் பிரிவில் பதினோராவது இடம். நாம் தூக்கிக் கொடுத்த பிரிட்ஜஸ் ஒருவரை மட்டுமே விற்று, புரூக்ளின் 2024இல் நியூயார்க்கிடமிருந்து ஐந்து முதல் சுற்றுத் தேர்வுகளை வாங்கிக்கொண்டது. வியாபாரம் தெரிந்தவர்கள்.

2018-19 சீசனை எத்தனை பேர் முழுதாகப் பார்த்தீர்கள்? 19 வெற்றி, 63 தோல்வி. சாண்ட்லரிலிருந்து மகளை அழைத்துக்கொண்டு மேல்தளத்து மலிவு டிக்கெட்டில் போவேன். அந்த ஆண்டுதான் பிரிட்ஜஸ் புதிதாக வந்திருந்தார். இருபது புள்ளிகள் பின்தங்கியிருக்கும்போதும், ஆட்டம் முடிய ஒரு நிமிடமே இருக்கும்போதும், எதிராளியை விடாமல் துரத்தும் அவரைப் பார்த்துத்தான் அவள் 25ஆம் எண் ஜெர்சி வேண்டும் என்றாள். அந்தப் பையன்கள் நம் கண்முன்னே வளர்ந்தார்கள். 2021இல் இறுதிச்சுற்று, அடுத்த சீசனில் 64 வெற்றி. பிரிட்ஜஸ் ஓர் ஆட்டத்தைக்கூடத் தவறவிட்டதில்லை. அவரை விற்ற மறுநாள் காலை, “அவர் என்னப்பா தப்பு செஞ்சார்?” என்று கேட்டவளுக்கு நான் உட்கார்ந்து சம்பள வரம்பு விதிகளை விளக்கிக்கொண்டிருந்தேன்.

“அண்ணா, மூத்த வீரர் கிறிஸ் பாலை வாங்கியதும் குறுக்குவழிதானே?” என்று ஒரு தம்பி கேட்டார். இல்லை. 2020இல் அவர் வந்தபோது புக்கர், ஏட்டன், பிரிட்ஜஸ், ஜான்சன் நால்வரும் இங்கேயே இருந்தார்கள். கட்டிய வீட்டுக்கு மாடி எடுப்பது வேறு, அஸ்திவாரத்தைப் பெயர்த்து விற்ற காசில் மாடி எடுப்பது வேறு.

ஓக்லஹோமா சிட்டியைப் பாருங்கள். 2021 டிசம்பரில் மெம்ஃபிஸிடம் 73 புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. லீக் வரலாற்றிலேயே மிகப் பெரிய தோல்வி அது. அன்று யாரும் பயிற்சியாளர் டைக்னால்ட்டை நீக்கவில்லை. அதே பயிற்சியாளருடன் 2024-25 சீசனில் 68 வெற்றி. டென்வரில் பயிற்சியாளர் மைக்கேல் மலோன் முதல் மூன்று சீசன்களிலும் பிளே-ஆஃபுக்கே (கோப்பைக்கான வெளியேற்றச் சுற்றுகளுக்கே) போகவில்லை. 2023இல் கோப்பை வாங்கினார். 2025 ஏப்ரலில் அவரையும்தானே நீக்கினார்கள் என்பீர்கள். பத்து சீசன்களுக்கும் ஒரு கோப்பைக்கும் பிறகு நீக்கினார்கள், ஐயா. நமக்கு ஓராண்டு பொறுக்கவில்லை.

நல்ல டிராஃப்ட் தேர்வுகளுக்காகப் பிலடெல்பியா வேண்டுமென்றே தோற்றுத் தோற்று என்ன கண்டது என்றும் கேட்கிறார்கள். அங்கே அந்தத் திட்டத்தைத் தொடங்கிய நிர்வாகி சாம் ஹிங்கியையே நடுவழியில் விலக வைத்தார்கள். அதைப் பொறுமைக்கு உதாரணமாகக் காட்டுவது நியாயமே இல்லை. மான்ட்டி டெட்ராய்ட் போய்த் தொடர்ந்து 28 ஆட்டங்கள் தோற்றாரே என்றால், தோற்றார், அதை இன்னொரு நாள் பேசுவோம். டெட்ராய்ட் அவரை மாற்றியது, ஆனால் இளம் வீரர்கள் கன்னிங்ஹாமையோ டியூரனையோ விற்கவில்லை. 14 வெற்றியிலிருந்து 2024-25 சீசனில் 44.

தோற்பதை ரசிக்கப் பழகிவிட்டதாக என்னைக் கேலி செய்பவர்களில் பலர் 2021க்குப் பிறகு ரசிகர்களாக வந்தவர்கள். வாருங்கள், நல்லது. ஆனால் பொறுமை என்றால் சோம்பேறித்தனம் என்று எனக்குப் பாடம் எடுக்காதீர்கள்.

இதில் எனக்கு மிகவும் வலிப்பது புக்கர் விஷயம்தான். 2015இல் பதின்மூன்றாவது தேர்வாக வந்த பையன் 2025 வரையிலான பத்து சீசன்களில் ஏழு பயிற்சியாளர்களைப் பார்த்துவிட்டார். ஒருமுறைகூட வேறு அணிக்குப் போகிறேன் என்று கேட்டதில்லை. 2025 அக்டோபரில் 29 வயதை எட்டிய அவர், எட்டாவது ஆளிடம் இன்னொரு ஆட்டத்திட்டத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டியதாயிற்று. அவரையும் விற்றுவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமே என்று இதற்குள் இரண்டு பேர் எனக்கு எழுதிவிட்டார்கள். தயவுசெய்து அதை மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள்.