சதுர அடிக்கு எவ்வளவு?

போனை எடுத்தால் பேர், ஊர் சொல்வதற்கு முன்னாலேயே இந்தக் கேள்விதான் வருகிறது. "டைல்ஸ் மேஸ்திரியா? சதுர அடிக்கு எவ்வளவு வாங்குறீங்க?" எந்த அறை, என்ன கல், கீழே இருப்பது பழைய தரையா புதுக் கான்கிரீட்டா, ஒரு விவரமும் கிடையாது. கத்தரிக்காய் கிலோ என்ன விலை என்கிற மாதிரிதான். 22 வருஷமாக நானும் ஏதோ ஒரு நம்பரைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். இப்போது அந்தக் கணக்கே தப்பு என்று தோன்றுகிறது. முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

ஒரு ஹால், 200 சதுர அடி. மூலைமட்டம் பார்த்து, நூல் பிடித்து, முதல் வரிசை சரியாக உட்கார்ந்துவிட்டால் நானும் ஒரு ஹெல்பருமாக ஒன்றரை நாளில் முடித்துவிடுவோம். அதே வீட்டில் ஒரு பாத்ரூம், 5க்கு 7. சுவரை விடுங்கள், தரை மட்டும் 35 சதுர அடி. அதற்கும் அதே ஒன்றரை நாள் ஆகிறது. சதுர அடிக்கு 25 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஹாலுக்கு 5,000, பாத்ரூமுக்கு 875. இரண்டு பேர், ஒன்றரை நாள், 875 ரூபாய். இதில் யார் பாத்ரூமைப் பொறுமையாகப் பார்ப்பார்கள்?

பொறுமையாகப் பார்க்க வேண்டிய இடமே அதுதான். ஹாலில் தரை மட்டமாக இருந்தால் போதும். பாத்ரூமில் மட்டமாக இருந்தால் வேலை கெட்டது. வாட்டம் வேண்டும். வடிகாலிலிருந்து சுவர் 5 அடி தள்ளி இருந்தால், அந்த 5 அடிக்குள் முக்கால் அங்குலமாவது இறங்கவேண்டும். நாலு பக்கத்திலிருந்தும் ஒரே ஓட்டைக்கு இறங்க வேண்டுமென்றால் கல் சின்னதாக இருக்கவேண்டும், இல்லையென்றால் தபால் கவரின் பின்பக்கம் மாதிரி மூலைக்கு மூலை வெட்டிப் போடவேண்டும். வீட்டுக்காரர்களோ ஹாலுக்கு வாங்கிய 4க்கு 2 கல்லையே பாத்ரூமுக்கும் போடச் சொல்கிறார்கள். ஷோரூமில் அப்படித்தான் போட்டிருந்தார்களாம். ஷோரூமில் யார் குளிக்கிறார்கள்?

வேலை முடிந்த மறுநாள் காலையில் ஒரு மக் தண்ணீரைத் தூர மூலையில் ஊற்றிவிட்டு நிற்பேன். முதலில் அது எந்தப் பக்கம் போகலாம் என்று யோசிக்கிற மாதிரி பரவும். அப்புறம் ஒரு நாக்கு நீளும், ஜாயின்ட்டைத் தாண்டும், வேகம் பிடித்து வடிகால்மேல் இருக்கிற ஜாலிக்குள் இறங்கும். கதவோரம் ஒரு சொட்டு தேங்கினாலும் அந்தக் கல்லை எடுத்துவிட்டுத் திரும்பப் போடவேண்டும். அந்த ஒரு கல்லுக்கு அரை நாள் போய்விடும். அதற்குச் சதுர அடிக் கணக்கில் இடமில்லை. ஆகவே பல பேர் மக்கைக் கையில் எடுப்பதே இல்லை.

ஊருக்கு உபதேசம் செய்கிறேன் என்று நினைக்காதீர்கள், நானும் செய்தவன்தான். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு சமையலறை. நாளைக்குள் முடித்தால்தான் அடுத்த வீட்டுக்குப் போகமுடியும். கல்லின் பின்னால் பசையை முழுக்கத் தடவி, பல் வைத்த கரண்டியால் இழுத்துப் போடாமல், நாலு மூலைக்குப் பக்கத்தில் நாலு, நடுவில் ஒன்று என்று உருண்டை வைத்து அமுக்கிவிட்டேன். மேலே பார்த்தால் கண்ணாடி மாதிரி தரை. நாலு மாதம் கழித்து அந்த அக்கா கூப்பிட்டார். கேஸ் சிலிண்டரைச் சாய்த்து உருட்டும்போது ஒரு கல்லின் மூலை 'டிக்' என்று உடைந்திருக்கிறது. சுத்தியல் பிடியால் தட்டிப் பார்த்தேன். நடுவில் கெட்டியான சத்தம், ஓரத்தில் வந்தால் காலிப் பானைச் சத்தம். "நல்லாத்தானே போட்டீங்க தம்பி?" என்று கேட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. என் செலவில் 6 கல்லை மாற்றிக் கொடுத்தேன். அதே பேட்ச், அதாவது ஒரே தடவையில் தயாரான கல், கிடைக்காததால் நிறம் லேசாக மாறிப்போய், இன்றைக்கும் அந்த வீட்டில் என் அவசரம் பட்டை அடித்த மாதிரி தெரிகிறது.

பேட்ச் என்றதும் ஞாபகம் வருகிறது. கடையில் 2க்கு 2 என்று சொல்லி விற்கிற கல் உண்மையில் 600 மில்லிமீட்டர். 2 அடி என்றால் 609 மில்லிமீட்டருக்கு மேல். நாலு கல் இருக்கிற ஒரு பெட்டி 16 சதுர அடி வராது, பதினைந்தரைதான். ஆயிரம் சதுர அடிக்கு 250 கல் என்று மனக்கணக்குப் போட்டு வாங்கிவிட்டு, 8 கல் குறையும்போது "மேஸ்திரி எடுத்துக்கிட்டுப் போயிட்டார்" என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. பெட்டிமேலேயே போட்டிருக்கிறது ஐயா, படியுங்கள். வெட்டுச் சேதாரத்துக்கும் சேர்த்து வாங்கி, மிச்சத்தைப் பரணில் போட்டு வையுங்கள், பின்னால் அதே பேட்ச் கிடைக்காமல் போகலாம்.

இன்னொன்று, இந்த 'கேப் இல்லாமல் ஒட்டுங்க' ஆசை. விட்ரிஃபைடு கல் தண்ணீரே குடிக்காது. அரை சதவீதத்துக்கும் கீழேதான் உறிஞ்சும். அதனால்தான் வெறும் சிமெண்ட் பால் அதைச் சரியாகப் பிடிப்பதில்லை, பசை தேவைப்படுகிறது. ஆனால் வெயிலுக்கு அதுவும் கொஞ்சம் விரியத்தான் செய்யும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் ஸ்பேசர் வைத்து 2 மில்லிமீட்டர் விட்டு, சுவரோரமும் கொஞ்சம் விட்டால் (சுவரடியில் ஒட்டுகிற ஸ்கர்டிங் பட்டை வந்து மூடிக்கொள்ளும்) அந்த விரிவுக்கு இடம் இருக்கும். கல்லோடு கல் இடித்துப் போட்டால் ஒரு நாள் மத்தியானம் பட்டாசு வெடித்த மாதிரி சத்தம் கேட்கும், ஹால் நடுவில் இரண்டு கல் கூரை மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கும். கேப் வேண்டாம் என்றது வீட்டுக்காரர். பேர் கெடுவது எனக்கு. சதுர அடிக்கு 80 ரூபாய் கொடுத்துக் கல் வாங்குகிறவர், பசை மூட்டைக்கு மட்டும் "சிமெண்ட் போதாதா மேஸ்திரி?" என்பார்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி காவித் தரை போட்டவர். சிமெண்ட்டும் காவியும் கலந்து பூசி, அது இறுகுவதற்குள் கரண்டியால் தேய்த்துக்கொண்டே இருக்கவேண்டும். பாதியில் எழுந்துபோனால் அந்த இடம் திட்டாகத் தெரியும். அந்தப் பளபளப்பு முழுக்கக் கைத் தேய்ப்பு. அவருக்கு நாள் கூலிதான். "இன்னைக்கு எத்தனை அடி ஆச்சு?" என்று கேட்டவர் கிடையாது, தரையைப் பார்த்தார்கள். இன்றைக்குக் காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஆத்தங்குடிக் கல்லை ஆசையாக இறக்கிவிட்டு, அதற்கும் அதே சதுர அடி ரேட் கேட்கிறார்கள். அது சூளையில் சுட்ட கல்லே இல்லை. கண்ணாடிமேல் கலர் சிமெண்ட் ஊற்றிச் செய்து, தண்ணீரில் ஊறவைத்து எடுத்தது. மேலே கலவை சிந்தினால் கறை பிடித்துக்கொள்ளும். பூவோடு பூ சேரவேண்டும். பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி வேலை அது.

உடம்பைப் பற்றி ரொம்பச் சொல்ல விரும்பவில்லை. முட்டி கறுத்துத் தடித்துவிட்டது, கோயிலில் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தூணைத் தேடுகிறேன். அதைவிட எனக்குப் பயம் தூசிதான். கல்லைக் காயக் காய வெட்டும்போது பறக்கிற வெள்ளைப் பொடியில் சிலிக்கா இருக்கிறது. நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் வந்தால் குணப்படுத்த மருந்து கிடையாது. மூக்கில் துண்டைக் கட்டினால் அந்த நைஸ் பொடி நிற்காது. தண்ணீர் விட்டு வெட்டினால் பெரும்பகுதி அடங்கிவிடும். ஆனால் தண்ணீர் விட்டால் சகதி, சகதியைத் துடைக்க நேரம், நேரத்துக்குக் காசு இல்லை. என் ஹெல்பர் ஒடிசாப் பையன், 23 வயசு. அவனிடம் பாட்டிலைக் கொடுத்து ஊற்றச் சொன்னால் "லேட் ஆகும் அண்ணா" என்கிறான். அவனுக்கே இந்தக் கணக்கு ஏறிவிட்டது.

சரி, வீட்டுக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது. நாள் கூலி என்றால் இழுத்தடிப்பார்கள் என்று பயம், இழுத்தடிக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். போன வருஷம் என் வீட்டுக்கு பெயிண்ட் அடிக்க ஆள் தேடினேன். போனில் நான் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? அதேதான். என் மனைவி சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

நான் கேட்பது இவ்வளவுதான். ஹால், படுக்கையறை நடுவெல்லாம் சதுர அடிக் கணக்கிலேயே இருக்கட்டும். பாத்ரூம், படிக்கட்டு, 45 டிகிரியில் ஓரம் சீவிச் சேர்க்கிற இடம், இதையெல்லாம் வந்து பார்த்துத் தனியாக மொத்தமாகப் பேசுவோம். பணத்தில் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் தண்ணீர் ஊற்றிப் பார்த்து, தட்டிப் பார்த்து, அப்புறம் கொடுங்கள். நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

போன வாரம் ஒருவரிடம் இதையேதான் சொன்னேன். இரண்டு பாத்ரூம், ஒரு சிட்அவுட். பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றது கரெக்ட்தான் மேஸ்திரி" என்றார். கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அப்போ மொத்தமாப் பார்த்தா சதுர அடிக்கு எவ்வளவு வருது?" என்றார். சொன்னேன். வீட்டில் கலந்து பேசிவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றார். இன்னும் கூப்பிடவில்லை.