கதவைப் பிடுங்கியது காற்று, அவள் இல்லை

அந்த ஐஸ்லாந்து கார் கதவு விஷயத்தில் வந்து விழும் கமென்ட்களைப் படிக்கப் படிக்க வயிறு எரிகிறது. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று ராத்திரி என் பள்ளித் தோழி ஒருத்தியே சிரிப்பு எமோஜி போட்டிருந்ததைப் பார்த்த பிறகு முடியவில்லை.

என்ன நடந்தது என்று திரும்பச் சொல்லப் போவதில்லை. எல்லோரும் பார்த்தாயிற்று. திருப்பூரில் இருந்து ஐஸ்லாந்து போன பிள்ளைகள் இருவர், ஒரு பெண்ணும் ஒரு பையனும், அங்கே வாடகைக்கு கார் எடுத்தார்கள். அவள் திறந்தபோது காற்று கதவைப் பின்பக்கமாக மடக்கிவிட்டது, மூன்று லட்சத்தை நெருங்கும் பில் வந்தது, கவுன்டரில் கூடுதல் பணம் கட்டி எடுத்த சேதப் பாதுகாப்பு கவரில் இருந்து ஒரு பைசா கிடைக்கவில்லை. இதற்கு நம் மக்கள் சொன்ன தீர்ப்பு: "டெர்ம்ஸ் படிக்காம கையெழுத்துப் போட்டா இப்படித்தான்."

நான் கேட்பது ஒன்றே ஒன்று. எதற்கெல்லாம் பணம் தர மாட்டோம் என்பதை, பணத்தை வாங்குவதற்கு முன்னால் சொல்ல வேண்டுமா, வேண்டாமா?

வெளிநாட்டில் கார் எடுக்கும்போது கவுன்டரில் விற்கிற சி.டி.டபிள்யூ (கொலிஷன் டேமேஜ் வெய்வர்) பெரும்பாலான இடங்களில் நாம் நினைக்கிற மாதிரி இன்சூரன்ஸே கிடையாது. "கார் அடிபட்டால் இந்தத் தொகைக்கு மேல் உன்னிடம் கேட்க மாட்டேன்" என்று காரின் சொந்தக்காரர் விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம், அவ்வளவுதான். அந்தத் தொகைக்குப் பெயர் எக்ஸஸ். ஐரோப்பாவில் அது ஆயிரம், இரண்டாயிரம் யூரோ வரை சாதாரணமாகப் போகும். அதைக் குறைக்க இன்னொரு கவர், சூப்பர் சி.டி.டபிள்யூ. பூஜ்யமாக்க அதற்கும் மேலே ஒன்று. பூஜ்யம் என்றதும் நாம் என்ன நினைப்போம்? இனி எது நடந்தாலும் கவலையில்லை என்று. ஆனால் எக்ஸஸ் பூஜ்யமானாலும் விலக்குப் பட்டியல் அப்படியே இருக்கும். டயர், கண்ணாடி, காரின் அடிப்பகுதி, கூரை, தொலைந்த சாவி, மாற்றிப் போட்ட எரிபொருள், இழுவை வண்டிச் செலவு என்று பல ஒப்பந்தங்களில் இவையெல்லாம் வெளியேதான் நிற்கும். அந்தப் பட்டியலை யாரும் கவுன்டரில் வாசித்துக் காட்டுவதில்லை.

ஐஸ்லாந்தில் இது இன்னும் மோசம். சரளைக் கல் தெறித்து முன்கண்ணாடி விரிசல் விட்டால் அதற்குத் தனி கவர். தெற்குக் கரையில் கறுப்பு மணல்வெளிகளைக் கடக்கும்போது புயல் அடித்தால் மணலும் எரிமலைச் சாம்பலும் பெயின்ட்டையே உரித்துவிடும், அதற்கும் தனி. எஃப் என்ற எழுத்தோடு எண் போட்ட மலைச் சாலைகளில் நாலு சக்கர இழுவை (4x4) இல்லாத கார் போகவே கூடாது. ஆற்றைக் கடக்கும்போது எஞ்சினுக்குள் தண்ணீர் போனால், எந்த கவர் எடுத்திருந்தாலும் பெரும்பாலான இடங்களில் கைவிரிப்புதான். காற்று பிடுங்கிய கதவும் நிறைய நிறுவனங்களில் இந்த விலக்குப் பட்டியலில்தான் இருக்கிறது.

கவனியுங்கள். அங்கே வாடகைக் கார்களுக்குள் "கதவைக் கையால் பிடித்துக்கொண்டு திற, காற்றுக்கு எதிராக நிறுத்து" என்று ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். ஆக, அவர்களுக்குத் தெரியும். வருகிறவர்களுக்கு இது நடக்கும், அடிக்கடி நடக்கும் என்று நன்றாகத் தெரியும். ஸ்டிக்கர் ஒட்டத் தெரிந்தவர்களுக்கு அதே ஸ்டிக்கரில் "இதற்கு கவர் கிடையாது" என்று ஒரு வரி சேர்க்க என்ன கஷ்டம்? விற்கும்போது சொல்லாத விலக்கு, பில் போடும்போது மட்டும் எங்கிருந்து வருகிறது?

"படித்திருக்கலாமே" என்கிறவர்களுக்கு எங்கள் கதையைச் சொல்கிறேன். ஸ்பெயினில் மாலகா விமான நிலையம். நடுராத்திரி. மாமியார் முட்டிவலியோடு பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிறார், பையன் தோளில் தூங்குகிறான், பின்னால் நீள வரிசை. கார் புக் செய்த தளத்திலேயே எக்ஸஸ் தொகையைத் திருப்பித் தரும் பாலிசியை நாங்கள் வாங்கிவிட்டோம். கவுன்டரில் இருந்தவர், "அது அவர்களுடையது, எங்களிடம் செல்லாது. எங்கள் கவர் எடுங்கள், இல்லையென்றால் கார்டில் 1,200 யூரோ பிளாக் ஆகும்" என்றார். கார்டில் அவ்வளவு போய்விட்டால் மீதி நாளுக்கு ஹோட்டலுக்கு என்ன செய்வது? எடுத்தோம். கையெழுத்துக்கு நீட்டியது ஒரு சின்ன டேப்லெட். அதில் தெரிந்தது கையெழுத்துப் போடும் கட்டம் மட்டும்தான். நிபந்தனைகள் மெயிலில் வந்து சேர்ந்தபோது நாங்கள் நெடுஞ்சாலையில் இருந்தோம்.

திருப்பிக் கொடுத்த அன்று டயரில் ஒரு வெட்டு. "டயர் இதில் சேராது" என்றார்கள். என் வீட்டுக்காரர் அதிர்ந்து பேசாத மனிதர். அவர் குரல் உயர்ந்து நான் அன்றுதான் கேட்டேன். அந்த ஊழியர் பதில் பேசவில்லை, திரையைத் திருப்பி எங்கள் கையெழுத்தைக் காட்டினார். கடைசியில் டயர் பணத்தைத் தந்தது, செல்லாது என்று அவர்கள் சொன்ன அந்த முதல் பாலிசிதான். மாதக்கணக்கில் ரசீது ரசீதாக அனுப்பவைத்துத் தந்தார்கள். நிர்வாகக் கட்டணத்தை மட்டும் தரவில்லை. கவுன்டரில் கட்டிய காசு போனது போனதுதான்.

இதில் எங்கே ஐயா எங்கள் படிப்பறிவின்மை?

இது நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் நடப்பதும் அல்ல. ஐரோப்பாவிலேயே புகார் குவிந்து, அரசு நுகர்வோர் அமைப்புகள் தலையிட்டு, 2015-ல் ஐந்து பெரிய வாடகைக் கார் நிறுவனங்களிடம் உறுதிமொழி வாங்க வேண்டியிருந்தது. என்ன உறுதிமொழி? மொத்த விலையைச் சொல்வோம், கவரில் எது சேரும் எது சேராது என்று தெளிவாகச் சொல்வோம், சேதக் கணக்கை நியாயமாகப் போடுவோம் என்று. அந்த ஊர் மொழியிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கே புரியவில்லை என்றுதானே அரசு அமைப்புகள் இறங்கின? திருப்பூரில் இருந்து போன பிள்ளைகளிடம் மட்டும் ஏன் வக்கீல் அறிவை எதிர்பார்க்கிறீர்கள்?

"கம்பெனிக்கு நஷ்டம் ஆகாதா" என்று ஒரு நண்பர் பொறுமையாகக் கேட்டிருந்தார். ஆகும். கதவு மடங்கினால் கீல், முன்பக்கத் தகடு எல்லாம் போகும், செலவு பெரிதுதான். கவர் தர மாட்டோம் என்று முடிவெடுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் முன்னாலேயே சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் என்னிடம் பேச்சே இல்லை.

"என் கிரெடிட் கார்டிலேயே எல்லாம் இருக்கே" என்கிற அமெரிக்க அண்ணன்களுக்கு: இருக்கலாம். சில கார்டுகளில் அயர்லாந்து, இஸ்ரேல், ஜமைக்கா சேராது. எடுத்த காரின் சேதத்துக்குத்தான் அது உதவும், நீங்கள் இடித்த அடுத்தவர் காருக்கு அல்ல. உங்கள் கார்டின் நிபந்தனைகளை முழுதாகப் படித்துவிட்டு அப்புறம் அந்தப் பெண்ணுக்குப் பாடம் எடுங்கள்.

சென்னைக்காரர்களைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தை மறந்துவிட்டீர்களா? பம்பர் டு பம்பர் (தேய்மானம் கழிக்காத) பாலிசி வைத்திருந்தவர்களுக்கே, தண்ணீர் புகுந்த எஞ்சினுக்குப் பணம் வேண்டுமென்றால் எஞ்சின் புரொடெக்ட் என்று தனியாக எடுத்திருக்க வேண்டும் என்பது வெள்ளம் வடிந்த பிறகுதான் தெரிந்தது. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து பார்த்தாயா என்று கேட்டு கிளெய்மை மறுத்தார்கள். அன்றைக்கு முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் கார் போனவர்களைப் பார்த்து "டெர்ம்ஸ் படிக்கலையா" என்று யாராவது சிரித்தோமா? எல்லோரும் சேர்ந்து இன்சூரன்ஸ்காரரைத்தானே திட்டினோம். அதேதான் இது.

ஆனால் உங்கள் கோபம் இன்சூரன்ஸ் பற்றியது இல்லை என்று இப்போது எனக்குப் புரிகிறது. "ஐஸ்லாந்து போக காசு இருக்குல்ல, கட்டட்டும்" என்று எத்தனை பேர்! அந்தப் பிள்ளைகள் இருவரும் வேலை பார்த்து, வருஷக்கணக்கில் சேர்த்துப் போன பயணம் அது. வானத்தில் பச்சை ஒளியை, அந்த நார்தர்ன் லைட்ஸைப் பார்க்க ஆசைப்பட்டது அவ்வளவு பெரிய குற்றமா? நம்மைப் போன்ற குடும்பத்தில் இருந்து ஒருவர் ஊர் தாண்டினால், அங்கே அவருக்கு அடி விழும்போது ஏன் இவ்வளவு திருப்தி?

அதிலும் கதவைத் திறந்தது அவன் என்றால் இந்த அளவுக்குச் சிரித்திருக்க மாட்டீர்கள். "பொம்பள கையில கார் கதவைக் குடுத்தா." "வீட்டுக் கதவைத் திறந்து பழகலையா?" படித்தவர்கள், பெரிய வேலையில் இருப்பவர்கள், சொந்த மகள்கள் இருப்பவர்கள் எழுதியது இது. அந்த ஊர்ப் புயலில், நின்று பழகிய ஆண்களின் கையில் இருந்தே கதவு பறக்கும். அதனால்தானே ஸ்டிக்கர்? அவள் நேற்று என்னிடம் போனில் பேசினாள். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "அக்கா, அம்மா அந்த கமென்ட்டையெல்லாம் படிச்சிட்டாங்க" என்றாள்.

அந்த நிறுவனத்துக்குப் பதில் கடிதம் எழுதியாயிற்று. விலக்குப் பட்டியல் எந்தப் பக்கத்தில், எந்த நேரத்தில் காட்டப்பட்டது என்று கேட்டிருக்கிறோம். பதில் சரியில்லை என்றால் அந்த நாட்டு நுகர்வோர் அமைப்பிடம் போவோம். அங்கே கார் எடுத்து இதே மாதிரி கதவுக்குப் பணம் கட்டியவர்கள் இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள், உங்கள் ஒப்பந்த நகல் உதவும்.

அவளைப் பற்றி எழுதியவர்கள் இன்றைக்குள் அந்த கமென்ட்களை எடுத்துவிடுங்கள். எடுக்காதவர்களை நானே என் பட்டியலில் இருந்து நீக்கிவிடுவேன். சொந்தக்காரர்களாக இருந்தாலும் சரி.