டெல்ஃபி, பாட்டி கொடுத்தது

நேற்றைய வினாடி வினாக் கூத்தைப் பார்த்தவர்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கிரேக்கக் கடவுள் அப்பல்லோவின் குறி சொல்லும் கோயில் இருந்த ஊர் டெல்ஃபி. அப்பல்லோவுக்கு முன் அது யாருடையது என்று கேள்வி. ஃபீபி என்றேன். தப்பாம். பைத்தான் பாம்புதான் சரியாம். போதாததற்கு, ‘அக்கா அமெரிக்க சீரியல் நிறையப் பார்க்கிறாங்க போல’ என்று ஒரு கமெண்ட்; ‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடரில் ஒரு ஃபீபி வருகிறாளே, அவளைச் சொல்கிறார். அதற்கு வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள்.

சரி. ஃபீபி ஒரு டைட்டன், அதாவது கிரேக்கத் தெய்வங்களில் மூத்த தலைமுறை. பூமித்தாய் கையாவின் மகள், கோயஸின் மனைவி. லீட்டோவும் அஸ்டீரியாவும் அவள் பெற்ற பெண்கள். லீட்டோவின் மகன்தான் அப்பல்லோ. ஆக, இவள் அவனுக்கு அம்மாவைப் பெற்ற பாட்டி. கி.மு. 458இல் ஏதென்ஸில் அரங்கேறிய ஈஸ்கிலஸின் ‘யூமெனிடீஸ்’ நாடகம் தொடங்குவதே டெல்ஃபிப் பூசாரிப் பெண்ணின் வேண்டுதலோடுதான். டெல்ஃபி யார் யாரிடம் இருந்தது என்று வரிசையாகச் சொல்கிறாள்: முதலில் கையா பெயர், அடுத்து கையாவின் இன்னொரு மகள் தெமிஸ், மூன்றாவது ஃபீபி. குறி சொல்லும் அந்தப் பீடத்தைப் பேரனுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தவள் அவள். ‘ஃபீபஸ்’ என்று அவனை அழைக்கிறார்களே, அந்தப் பெயரும் பாட்டியுடையது.

‘அப்பல்லோ பாம்பைக் கொன்ற கதையும் இருக்கிறதே’ என்பீர்கள். இருக்கிறது. ஹோமர் பெயரில் வழங்கும் துதிப்பாடலில் கொல்கிறான், மறுக்கவில்லை. அந்தப் பாம்பு பட்டா வைத்திருந்ததா? கொன்று எடுத்தான் என்றால் கைதட்டுவீர்கள், பாட்டி கொடுத்தாள் என்றால் சிரிப்பு வருகிறது. கொடுத்தாள் ஐயா, கொடுத்தாள்!

‘ஒரு மார்க்குக்கு இவ்வளவா?’ என்று இன்பாக்ஸில் ஒருவர். மார்க்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

என் அம்மாச்சி பால் ஊற்றிச் சேர்த்த காசில் மூன்று சென்ட் வாங்கினார். அதை மாமாவுக்கு எழுதிக் கொடுத்தார். மாமா வீடு கட்டி, வாசல் கல்லில் தாத்தா பெயரை வெட்டினார். அந்த இடம் வாங்கும் முன்பே தாத்தா போய்ச் சேர்ந்துவிட்டார். பால் காய்ச்சிய அன்று அம்மாச்சி பின்கட்டில் வாழை இலை நறுக்கிக்கொண்டிருந்தார். ‘பேரு என்னத்துக்கு, புள்ளைக நல்லா இருந்தாப் போதும்.’ சாயங்காலம் எல்லோரும் போனபின் வாசலுக்கு வந்து அந்தக் கல்லை விரலால் எழுத்துக்கூட்டித் தடவினார். நான் திண்ணையில் இருந்ததை அவர் கவனிக்கவில்லை.

‘எல்லாவற்றிலும் பெண்ணியமா?’ என்று கேட்கப் போகிறவர்களுக்கு: எழுதியது ஈஸ்கிலஸ். ஆம்பளைதான், தாடிகூட உண்டு. அவருடைய பூசாரிப் பெண் ஃபீபி பெயரைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போகிறாள்.

மாமா, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். கல்லில் தாத்தா பெயருக்குக் கீழே இன்னும் இடம் இருக்கிறது.