அக்டோபரில் ஸ்காட்ஸ்டேலா? விதைப்புத் தேதியைப் பாருங்கள்

"அக்டோபரில் வெயில் தணியும், கட்டணமும் குறைவு, கோல்ஃபுக்கு அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து ஸ்காட்ஸ்டேல்தான்" என்று சொல்வது பாதிதான் சரி. கட்டணம் ஏன் குறைவு என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அங்குள்ள மைதானங்களில் கோடையில் பச்சையாக இருக்கும் பெர்முடா புல் குளிரில் பழுப்பாகிவிடும். அதனால் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் வரை அதை ஒட்ட வெட்டி, குளிரிலும் பச்சையாக இருக்கும் ரை புல்லின் விதையைத் தூவி, அடிக்கடி தண்ணீர் விடுவார்கள். பல மைதானங்கள் 2 முதல் 4 வாரம் மூடியிருக்கும். திறந்த பிறகும் கொஞ்ச நாள் கார்ட்டை (ஆட்டக்காரர்கள் ஏறிப்போகும் சிறு வண்டி) பாதையை விட்டுப் புல்லில் இறக்க விடமாட்டார்கள்; ஈரத்தில் பந்தும் உருளாது. கலிஃபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸிலும் இதே கதைதான்.

அக்டோபரில்தான் விடுப்பு என்றால் வட கரோலைனாவின் பைன்ஹர்ஸ்ட் பக்கம் பாருங்கள். அரிசோனாதான் வேண்டுமென்றால் நவம்பர் பின்பாதி. முன்பதிவுக்கு முன் அந்தந்த மைதானத்தின் விதைப்புத் தேதியைக் கேளுங்கள்; எல்லாமே ஒரே வாரத்தில் மூடுவதில்லை.